மலைப்பாதையும் சமவெளி அனுபவமும்

கோயமுத்தூரிலும் ஈரோட்டிலும் பல ஆண்டுகள் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவனுக்கு நீலகிரி மலைப்பாதையில் புதிதாகக் கற்கவேண்டியது ஒன்றுமில்லை, கையும் காலும் தாமே பழகிக்கொள்ளும், அதற்கு மேல் நேர்வது விதியின் செயல் என்னும் அபிப்பிராயம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இதைத் தாங்கி நிற்கும் வாதங்களைத் தனித்தனியே எடுத்து ஆராய்ந்தால், அவற்றுள் ஒன்றுகூட நிலைக்காது என்பதே என் துணிபு.

முதலாவது, அனுபவமே போதும் என்னும் வாதம். நம் நாட்டில் ஓட்டுநர் உரிமம் பெற விரும்புகிறவன் சமதளத்தில் எட்டுப் போட்டுக் காட்டுகிறான். சரிவில் இறங்கும்போது வண்டியை எப்படி அடக்குவது என்று அவனைப் பெரும்பாலும் எவரும் சோதிப்பதில்லை. அதன்பின் அவன் சேர்க்கும் அனுபவமும் பெரும்பாலும் நேர்சாலையின் அனுபவமே. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் பாதையிலோ 36. அந்தக் கல்லட்டிச் சரிவில் வெளியூர் வாகனங்கள் இறங்கலாகாது என்று மாவட்ட நிர்வாகம் தடை விதித்ததற்குச் சமவெளி அனுபவம் அங்கே போதவில்லை என்பதைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்? வளைவுக்கு அப்பால் வருவதை மண்மேடு மறைத்துக்கொண்டிருக்க, எதிரே ஏறிவரும் பேருந்து சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும் என்பதை அறிந்து, வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்து, வேகத்தைக் குறைத்து, ஓரத்தில் காத்திருக்கத் தெரிவது கல்வியால் வருவது. வெறும் பழக்கத்தால் வருவதன்று.

இரண்டாவது, இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்னும் வாதம். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்திற்கும் இடையே உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,500 மீட்டர். வண்டியும் இருவரும் சேர்ந்து 250 கிலோ என்று கொண்டால், அவ்வளவு உயரம் இறங்குகையில் வெளிப்படும் சக்தி பத்து லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. என்ஜினைப் பிரித்துவிட்டவன், காற்றும் சாலையும் வாங்கிக்கொள்வது போக எஞ்சிய உஷ்ணம் அனைத்தையும் இரண்டு சிறிய பிரேக்குகளின் மேல் சுமத்துகிறான். அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும் தருணம் முன்னறிவிப்போடு வருவதில்லை. எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று லாரி ஓட்டுநர்கள் சொல்லிவரும் வாக்கின் உட்பொருள் இதுவே. மிச்சம் என்னும் கணக்கும் பொய்க்கிறது: பியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள பல வண்டிகளில், கியரில் ஆக்ஸிலேட்டரை மூடி இறங்கும்போது பெட்ரோல் செல்வதே நின்றுவிடுகிறது, நியூட்ரலிலோ என்ஜின் ஓயாமலிருக்கப் பெட்ரோல் செலவாகிக்கொண்டேயிருக்கும். கியரற்ற ஸ்கூட்டரில் என்ஜினின் தடை சொற்பமே. ஆதலால் அதில் வருகிறவர் தொடக்கத்திலிருந்தே வேகத்தை வளரவிடாமல் இறங்கி, இடையிடையே நின்று பிரேக்குகளை ஆறவிடுவது அவசியம்.

மூன்றாவது, முன் பிரேக் பிடித்தால் வண்டி கவிழும் என்னும் அச்சம். வேகம் குறையும்போது பாரம் முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. இறக்கத்தில் அது இன்னும் மிகுதி. ஆகவே பாரம் குறைந்த பின்சக்கரத்தின் பிரேக்கை மட்டும் அழுத்துகிறவன் அச்சக்கரத்தை வழுக்கவிட்டு, வண்டியையும் நிறுத்த முடியாமல் தவிக்கிறான். முன் பிரேக்கைத் திடீரென்று இறுக்குவதும், வண்டி வளைவில் சாய்ந்திருக்கையில் பிடிப்பதும், மழையில் நனைந்த கற்பூர மரத்து இலைகள் மேலும் எஸ்டேட் டிராக்டர் உதிர்த்த செம்மண் மேலும் பிடிப்பதுமே அபாயம். வளைவுக்கு முன், வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, இரு பிரேக்குகளையும் படிப்படியாக அழுத்தி வேகத்தைத் தணித்துக்கொள்பவன் இந்த அபாயங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிடுகிறான்.

நான்காவது, மெதுவாகத்தானே போகிறோம், தலைக்கவசம் மூடுபனியில் கண்ணை மறைக்கும் என்னும் வாதம். வண்டி நின்ற நிலையில் சாய்ந்தாலும் தலை கல்லில் மோதும் வாய்ப்பு உண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தன் 129-ஆம் பிரிவில் தலைக்கவசத்தை விதிக்கும்போது வேகத்தைக் கணக்கிலெடுக்கவில்லை. கண்ணாடியில் ஆவி படிந்தால் அதைச் சிறிது உயர்த்திக்கொள்ளலாம். பனியில் ஒளி சிதறிக் கண்ணுக்கே திரும்புமாதலால் விளக்கைத் தாழ்த்தி வைக்கலாம். மார்கழி, தை மாதங்களில் உறைபனி படியும் உதகையின் அதிகாலையில் விறைத்த விரல்கள் பிரேக்கைத் தாமதமாகவே பிடிக்கும் என்பதால் கையுறையும் ஆடம்பரமன்று.

கடைசியாக, நேர்வதெல்லாம் விதியின் செயல் என்னும் வாதம். சாலை குறுகலான இடத்தில், இறங்குகிறவன் ஒதுங்கி நின்று ஏறுகிறவனுக்கு வழிவிட வேண்டும் என்று சாலை விதிகள் கூறுகின்றன. ஏறுகிற வண்டி நின்றால் மீண்டும் கிளம்புவது கடினம், பின்னோக்கி உருளவும் கூடும் என்னும் நியாயமே இதற்கு அடிப்படை. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இறக்கத்தில் அந்தத் தூரம் இன்னும் நீளும். இவையெல்லாம் கணக்கிட்டு அறியக்கூடியவை. அறியக்கூடியதை அறியாமலிருந்துவிட்டு, பின்னர் நேர்ந்ததை விதியின் தலையில் கட்டுவது, உயிரிழந்த இளைஞனுக்கும் அவனைப் பெற்றவர்களுக்கும் நாம் இழைக்கும் அநீதி.

ஆதலால், மலைப்பாதையில் வண்டி ஓட்டுவது தனியொரு கல்வி என்பதை ஒப்புக்கொள்வோம். மலை மாவட்டங்களில் உரிமம் கேட்டு வருகிறவனுக்கு எட்டுடன் ஓர் இறக்கத்தையும் வைத்துச் சோதிக்கட்டும்; எஸ்டேட்டுகளும் கல்லூரிகளும் தம் இளைஞர்களுக்கு ஒரு பிற்பகலேனும் ஒதுக்கி, அனுபவமுள்ள ஓட்டுநர்களைக் கொண்டு இதைக் கற்பிக்கட்டும். செலவு சொற்பம், காக்கப்படுவதோ உயிர்.