அடகு போன வளையலும் சுற்றாத சக்கரமும்

சேத்துப்பட்டிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். சென்னைச் சேத்துப்பட்டு அல்ல. ஆரணிக்குத் தெற்கே, லூர்து மாதா கோயில் இருக்கிறதே, அந்தச் சேத்துப்பட்டு. பெயர் போட வேண்டாமாம். வீட்டில் இரண்டு பட்டுத் தறிகள். வருமானம் போதவில்லை என்று, இந்த அம்மாளின் வளையல்களை அடகு வைத்து, கணவர் ஒரு பழைய நாலு சக்கர இழுவை பிக்-அப் வண்டி வாங்கினார். போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறி, ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துச் சாமையும் புளியும் ஏற்றி வருவது வேலை.

ஐப்பசி மழையில் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. பின் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன; முன் சக்கரங்களோ சும்மா வேடிக்கை பார்த்தன! பட்டறைக்காரர் முன் அச்சையே பிரிக்க வேண்டும் என்கிறார். கணவர், வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்கிறார். வளையல் மீளுமா என்பது சகோதரியின் கவலை.

பட்டறைக்காரர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால், பணப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், சகோதரி, உங்கள் வண்டியின் முன் சக்கரங்களின் நடுவில் ஒரு வட்டத் திருகு இருக்கிறதா, பாருங்கள். ‘ஃப்ரீ’, ‘லாக்’ என்று எழுதியிருக்கும். அதுதான் ஹப் லாக்.

வேறொன்றுமில்லை, சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு தாழ்ப்பாள். ‘ஃப்ரீ’யில் தாழ்ப்பாள் திறந்திருக்கும், சக்கரம் தன்பாட்டுக்கு உருளும், அச்சு அசையாது. தார் ரோட்டில் இது நல்லது. தேய்மானமும் இரைச்சலும் குறையும். ‘லாக்’கில் தாழ்ப்பாள் விழுந்து, அச்சு சுற்றினால் சக்கரமும் சுற்றும். இரண்டாம் உலக யுத்தத்தில் மிஞ்சிய ஜீப்புகளை ரோட்டில் ஓட்டத் தோதாக்க, 1948-இல் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் தொடங்கிய கம்பெனிதான் இந்தச் சாதனத்துக்குப் பேர் வாங்கித் தந்தது.

உள்ளே டிரைவர் நாலு சக்கர லீவரைப் போட்டு, வெளியே தாழ்ப்பாள் போடாவிட்டால் என்ன ஆகும்? உங்கள் வீட்டில் நடந்ததுதான் ஆகும். ஒரு பக்கம் மட்டும் போட்டாலும் பலனில்லை. பள்ளம் கண்ட பக்கம் தண்ணீர் ஓடுவது போல, எஞ்சினின் பலமெல்லாம் பூட்டாத பக்கத்து அச்சை வீணாகச் சுற்றுவதிலேயே போய்விடும்.

ஆகவே, சேற்றில் இறங்கும் முன்பே வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் கையால் ‘லாக்’ வரை முழுக்கத் திருப்ப வேண்டும். பாதியில் நின்றால் ‘கடக் கடக்’ என்று சத்தம் வரும், பல் உடையும். திரும்ப மறுக்கிறதா? குறடு போட்டு முறுக்காதீர்கள். வண்டியை ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்த்தினால் பல்லோடு பல் பொருந்திக்கொள்ளும். பிறகுதான் லீவர். காய்ந்த தார் ரோட்டுக்கு வந்ததும் லீவரை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் ஸ்டீயரிங் இறுகும், டயர் தேயும்.

இனி, சோதனை. சமதரையில் பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, லீவரை இரண்டு சக்கர நிலையில் விட்டு, இரு ஹப்பையும் ‘லாக்’கில் திருப்பி, ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கச் சொல்லுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றினால் முன் அச்சுக்கு வரும் புரொபெல்லர் ஷாஃப்டும் சுற்ற வேண்டும். பக்கத்தில் நின்றே பார்க்கலாம். வண்டிக்கு அடியில் யாரும் நுழைய வேண்டாம். சுற்றினால் ஹப் இரண்டும் நலம்; கோளாறு உள்ளே இருக்கிறது, பட்டறைக்காரர் பிரிக்கட்டும். சுற்றாவிட்டால் ஹப் மூடிகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடைத் தண்ணீர் புகுந்த துரு, கட்டிப்போன கிரீஸ், கிழிந்த ரப்பர் வளையம், முறிந்த ஸ்பிரிங், இவற்றில் ஒன்று பெரும்பாலும் அங்கே இருக்கும். சுத்தம் செய்து, கிரீஸை அளவாகத் தடவினால் போதும். அள்ளி அப்பினால் அதுவே பல்லைப் பொருந்த விடாது.

திருகே இல்லாமல் தானாகப் பூட்டிக்கொள்ளும் ஹப்பும் உண்டு. பல வண்டிகளில் அதை விடுவிக்க, லீவரை எடுத்துவிட்டுச் சில கஜ தூரம் நேராகப் பின்னால் ஓட்ட வேண்டும். வண்டியோடு வந்த கைப்புத்தகம் அந்த விவரம் சொல்லும்.

மழை இல்லாத நாளிலும் மாதம் ஒரு முறை ஹப்பைப் பூட்டி, லீவரைத் தொடாமல், சில மைல் ஓட்டுவது நல்லது. முன் அச்சில் எண்ணெய் பரவும், தாழ்ப்பாளும் துருப்பிடிக்காது.

சகோதரி, விற்பதா வேண்டாமா என்பதை இந்தச் சோதனைக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். வளையல் உங்களுடையது, ஜாக்கி போடும்போது நீங்களும் கூட நில்லுங்கள்.