சுற்றுலாவுக்கு வான் பிடிக்கப் போகிறீர்களா?

பாடசாலை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எமது மகளிர் சங்கக் கூட்டங்களில் ஒரு கதை எழும். "இந்த முறையாவது பிள்ளையளை எங்கையாவது கூட்டிக்கொண்டு போவம்." கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளிக் கடல் என்று இடங்கள் வரிசையாக வரும். பிறகு யாராவது ஒருவர் "வானுக்கு எவ்வளவு கேப்பாங்களோ?" என்பார். அதோடு கதை நின்றுவிடும்.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் வேலை செய்யும் கிராமம் ஒன்றில் கதை அப்படி நிற்கவில்லை. சிறுசேமிப்புக் குழுவைச் சேர்ந்த தாய்மாரும் பிள்ளைகளுமாக 13 பேர், ஓர் இரவு தங்கித் திருகோணமலை பார்த்துவர முடிவு செய்தார்கள். பெரும்பாலானோர் குடும்பத்தைத் தனியே கொண்டு நடத்துபவர்கள். அவர்களுள் ஓர் அக்கா சொன்னது இது: "நான் உழவு மிசினில ஏறினது இடம்பெயர. வானில ஏறினது ஆஸ்பத்திரிக்கும் கோட்டுக்கும். சும்மா பார்க்கவெண்டு ஒரு நாளும் ஏறேல்லை." கணவனை இழந்த பெண் சுற்றுலாப் போனால் கதை கட்டும் ஊர்கள் எமது ஊர்கள். அந்தக் கதைக்குப் பயந்து நிற்பவர்களை விட, வான்காரர் சொல்லும் தொகைக்குப் பயந்து நிற்பவர்களே அதிகம் என்பது என் அனுபவம். ஆகவே இம்மாதம் அந்தத் தொகையைப் பற்றியே பேசுவோம்.

வான்கூலி ஏன் இவ்வளவு ஏறியது? 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் அவ்வருடம் யூன் மாத இறுதியில் 460 ரூபாவைத் தொட்டது. பின்னர் டீசல் இறங்கிய அளவுக்கு வாடகை இறங்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் பழைய வான்களின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறிக்கொண்டே போயின. எனவே வான்காரர் எல்லோரும் கொள்ளையடிக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் சொல்லும் தொகை எப்படி வந்தது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அந்தக் குழுவினர் மூன்று பேரிடம் விசாரித்தார்கள். மூவரும் மூன்று விதமாகக் கணக்குச் சொன்னார்கள். கீழே நான் எழுதும் எண்கள் விளக்கத்துக்காக முழுமையாக்கியவை. உங்கள் ஊரில், நீங்கள் விசாரிக்கும் நாளில் விலை வேறாக இருக்கும். கணக்குப் பார்க்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை ஊடாகத் திருகோணமலைக்கு ஏறத்தாழ 170 கிலோமீற்றர். போய்வர 340. அங்கே கன்னியாவுக்கும் நிலாவெளிக்கும் ஓடுவதற்கு 60 வைத்தால் மொத்தம் 400.

முதலாமவர் கிலோமீற்றர் கணக்குக்காரர். கிலோமீற்றருக்கு 150 ரூபா, டீசலும் சாரதியும் அதற்குள் அடக்கம், இரவு தங்கினால் சாரதிக்கு 3,000. அப்படியானால் 63,000 ரூபா. இரண்டாமவர் நாட்கணக்குக்காரர். நாளுக்கு 12,000, சாரதிக்கு நாளுக்கு 4,000, டீசல் எங்கள் செலவு. வான் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடினால் 40 லீற்றர் வேண்டும். லீற்றர் 300 என்று வைத்தால் 12,000. எல்லாம் கூட்டினால் 44,000. மூன்றாமவர் "ஒரே பேச்சு, 55,000" என்றார். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. நிலாவெளிக்கும் ஓடுவீர்களா என்று கேட்டபோதுதான், கோயிலடியில் இறக்குவதும் மறுநாள் ஏற்றுவதும் மட்டுமே அந்தப் பேச்சு என்பது தெரிய வந்தது.

முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் 19,000 ரூபா வித்தியாசம். 13 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,400 ரூபாவுக்கு மேல். தையல் கூலியில் சேர்த்த காசுக்கு அது பெரிய தொகை.

அதற்காக நாட்கணக்குத்தான் எப்போதும் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். இதே குழு யாழ்ப்பாணம் போய் ஒரு நாள் தங்கி வந்தால் ஓட்டம் 150 கிலோமீற்றர்தான் வரும். கிலோமீற்றர் கணக்குக்காரர் பலர் நாளுக்கு 100 கிலோமீற்றரைக் குறைந்தபட்சமாகப் பிடிப்பார்கள். அப்படி 200 ஆகப் பிடித்தாலும் இரவுக் காசோடு 33,000 தான். நாட்கணக்கிலோ 36,500 ஆகும். தூரப் பயணத்துக்கு நாட்கணக்கும், கிட்டப் போய்த் தங்குவதற்குக் கிலோமீற்றர் கணக்கும் பெரும்பாலும் இலாபம். இருவகையிலும் ஒரு கொப்பித் தாளில் எழுதிப் பார்த்துவிட்டே பேசுங்கள்.

கிலோமீற்றரை எங்கிருந்து எண்ணுவார்கள் என்பதையும் கேளுங்கள். வான் யாழ்ப்பாணத்தில் நிற்பது என்றால், அங்கிருந்து உங்கள் ஊருக்கு வரும் தூரமும் முடிந்து திரும்பும் தூரமும் உங்கள் தலையில்தான் விழும். ஊருக்குள் நிற்கும் வான் கொஞ்சம் கூடக் கேட்டாலும் முடிவில் மலிவாக வரலாம். டீசல் உங்கள் செலவு என்றால், புறப்படும்போது தாங்கியை நிரப்பி எடுத்து, வந்ததும் நிரப்பிக் கொடுப்பதே நியாயமான முறை. ஏறுமுன் மீற்றரைத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். டீசல் விலை மாத முடிவில் மாறுவதுண்டு. முன்கூட்டியே பேசி வைத்தால், இடையில் விலை ஏறும்போது யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

எப்போது மலிவு? நல்லூர்த் திருவிழா, ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா, கதிர்காமத் தீர்த்தம், சித்திரை வருடப்பிறப்பு ஆகிய நாட்களில் வான் கிடைப்பதே அரிது. ஆனால் விடுமுறைக் காலத்திலேயே வேலையின்றி நிற்கும் வான்களும் உண்டு. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வான்களைத்தான் சொல்கிறேன். அவர்களுக்கு அந்த மாதம் வருமானம் குறைவு. திருவிழா இல்லாத வாரநாளாகப் பார்த்துக் கேட்டால் இறங்கி வருவார்கள். பிள்ளைகளை ஏற்றிப் பழகிய சாரதி என்பதும் ஒரு நிம்மதி. கொழும்புப் பக்கம் போவதானால், கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஆட்களை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் வான்களையும் விசாரியுங்கள். திரும்பும் பயணத்துக்கு அவர்கள் குறைந்த காசுக்கே வருவார்கள். 25, 30 பேர் என்றால் இரண்டு வான் பிடிக்காதீர்கள். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சாலையில் விசேட பயணத்துக்குப் பஸ் கேட்டுப் பாருங்கள். தலைக்கு விழும் காசு குறையும்.

இனி, இந்தக் குழுவுக்கு நடந்த ஒன்று. தலைவி வானுக்குக் கேட்டபோது ஒருவர், "ஆம்பிளையள் ஆரும் இருந்தா கதைக்கச் சொல்லுங்கோ" என்றாராம். தலைவி தொலைபேசியை வைத்துவிட்டு அடுத்தவருக்கு எடுத்தார். அதுவே சரி. காசு கொடுப்பவரோடு கதைக்க விரும்பாதவர், வழியில் வான் பழுதானால் யாரோடு கதைப்பார்?

பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். திகதி, நேரம், போகும் இடங்கள், தொகை, அதற்குள் எது அடக்கம், சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யாருடையது, வாகனத் தரிப்பிடக் காசு யாருடையது, பழுதானால் மாற்று வாகனம் தருவாரா என்பவை அதில் இருக்கட்டும். முற்பணம் கால்வாசிக்கு மேல் வேண்டாம், பற்றுச்சீட்டு இல்லாமலும் வேண்டாம். வருமான அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதியையும் பாருங்கள். தனிப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வாகனத்தை வாடகைக்கு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்கும்போது அது சிக்கலாகும்.

நீங்களே ஓட்டுவதற்குக் கார் எடுக்கும் சகோதரிகள், பொறுப்புப் பணம் எவ்வளவு, எப்போது திரும்பத் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பழைய கீறல்களைப் படம் எடுங்கள். அடையாள அட்டையின் பிரதியை மட்டும் கொடுங்கள். அட்டையைக் கையில் வைத்திராமல் வெளியே போவது என்னவென்று எமக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செயற்கைக் கால் போட்டவர்களோ முழங்கால் நோவுள்ள அம்மாமாரோ வருவதானால், வானைப் போய்ப் பார்த்து ஏறிப் பாருங்கள். சில வான்களின் படி மிக உயரம். ஒரு சிறு முக்காலியை உள்ளே போட்டுக்கொண்டால் போதும். வவுனியா – ஹொரவப்பொத்தானைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. பொழுதுபடுமுன் அந்த வழியைக் கடக்கும் விதமாக நேரத்தை வையுங்கள். புறாத்தீவுக்குப் படகில் போகும் எண்ணமிருந்தால் அந்தக் காசு வான் கணக்கில் வராது, தனியே எடுத்து வையுங்கள்.

இவற்றுக்காக நுண்கடன் எடுக்க வேண்டாம். அந்தக் குழு மாதம் ஆளுக்கு 500 ரூபாவாகச் சேர்த்தது. காசு நிறைய ஒரு வருடம் சென்றது. அந்த வருடம் முழுக்கப் பிள்ளைகளுக்கு அதே கதைதான்: எந்த யன்னலோரம் யாருக்கு என்று.