உடம்பு இளைக்க ஒரு பொடி!

உடம்பை இளைக்க வைக்கும் பொடி இப்போது எங்கும் கிடைக்கிறது. காலையில் ஒரு கரண்டி, இரவில் ஒரு கரண்டி. பசி அடங்குமாம், தொந்தி கரையுமாம், ஒரே மாதத்தில் கொடி போல ஆகிவிடலாமாம்! "வெறும் மூலிகைதான், ஒரு கெடுதலும் வராது" என்று சத்தியம் செய்கிறார்கள்.

மூலிகை, சரி. எந்த மூலிகை?

மில்லர்புரத்தில் எங்கள் தெரு அம்மாள் ஒருவர் அப்படி ஒரு பொட்டலத்தைக் காட்டினார். முன்பக்கம் ஒல்லியான பெண்ணின் படம். பின்பக்கம் "அரிய மூலிகைகள்" என்று இரண்டே சொல். இலையின் பெயர் இல்லை, அளவு இல்லை, செய்தவர் விலாசமும் இல்லை. ஒரு போன் நம்பர் மட்டும் உண்டு. அந்த அம்மாள் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். "தினம் நாலு தடவை போகிறது. மூன்று கிலோ குறைந்துவிட்டதே!" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

நாலு தடவை என்றதுமே எனக்கு நிலாவாரை ஞாபகம் வந்தது. தூத்துக்குடிக்காரர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சாத்தான்குளம், விளாத்திகுளம் பக்கம் மானாவாரியில் விளைந்து, காய்ந்து, மூட்டையாகக் கப்பல் ஏறுகிற சரக்கு. உலகச் சந்தையில் அதற்குப் பெயரே 'திருநெல்வேலி சென்னா'. மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து, சந்தேகமில்லை. ஆனால் அயல்நாடுகளில் 'இளைக்க வைக்கும் தேநீர்' என்று விற்கும் டப்பாக்கள் பலவற்றிலும் இருப்பது இதே இலைதான்.

நிலாவாரை இளைக்க வைக்குமா? வைக்காது. சாப்பாட்டின் சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. இந்த இலை வேலை செய்வது அதற்கு அப்பால், பெருங்குடலில். ஆகவே வெளியே போவது தண்ணீரும் உப்பும். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். தராசில் குறைந்தது நாலு செம்பு தண்ணீரில் திரும்பி வந்துவிடும். நாள்கணக்கில் சாப்பிட்டால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து, கை கால் சோரும். இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். நீர் பிரிய வைக்கும் ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் பலவும் பொட்டாசியத்தை வெளியேற்றுகிறவை. இரண்டும் சேர்ந்தால் அபாயம் ஜாஸ்தி. மிஞ்சினால் ஒன்றிரண்டு வாரம், அதற்கு மேல் டாக்டரைக் கேட்காமல் கூடாது என்பது நிலாவாரைக்கு உள்ள விதி. பொடிக்காரரோ ஆறு மாதம் சாப்பிடச் சொல்கிறார்!

"இது பேதி மருந்து இல்லை, பசியை அடக்குவது" என்பார் இன்னொருவர். தரிசில் முளைக்கும் கள்ளிமுளையானைக் காட்டுவார். நம் பாட்டிமார் துவையல் அரைத்த செடிதான். அதன் சாரத்தைப் பெங்களூரில் 50 பேரை வைத்து இரண்டு மாதம் சோதித்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். பசி கொஞ்சம் குறைந்தது. இடுப்புச் சுற்றளவும் குறைந்தது. எடையில் மட்டும், போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிடச் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அப்படியிருக்க, ஒரு பொடி இரண்டே நாளில் பசியை அடியோடு கொல்லுகிறதென்றால் சந்தேகப்பட வேண்டாமா? ஸிபுட்ரமின் என்று ஓர் ஆங்கில மருந்து இருந்தது. பசியை அடக்கும்; கூடவே மாரடைப்பும் பக்கவாதமும் வரும் அபாயத்தைக் கூட்டியது. இந்தியாவில் 2011-ல் தடை செய்தார்கள். 'சுத்த மூலிகை' என்று விற்ற எத்தனையோ சரக்குகளில் அதை ஒளித்து வைத்திருந்ததை அமெரிக்க மருந்துத் துறை கண்டுபிடித்திருக்கிறது.

வேண்டுமென்று கலப்பது ஒரு பக்கம். பெயர்க் குழப்பத்தால் கலப்பதும் உண்டு. நம் கிராமங்களில் நிலாவாரையை அவுரி என்றும் சொல்கிறார்கள். துணிக்கு நீலம் போடும் செடிக்கும் அவுரி என்றுதான் பெயர்! 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், இளைப்பதற்காகக் கொடுத்த சீன மூலிகையில் இப்படித்தான் பெயர் மாறி வேறொன்று கலந்துவிட்டது. கலந்தது நம் ஆடுதின்னாப்பாளையின் இனத்துச் செடி. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. சிலருக்குப் பின்னால் புற்றுநோயும் வந்தது. பாவம், அவர்கள் கேட்டதெல்லாம் கொஞ்சம் மெல்லிய இடுப்பு!

சட்டம் இல்லாமல் இல்லை. உடல் பருமனைப் போக்குவதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. சித்த மருந்தென்றால் லைசென்ஸ் எண்ணும், சேர்ந்த சரக்குகளின் பட்டியலும் லேபிளில் இருக்க வேண்டும். உணவென்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண் வேண்டும். கப்பலேறும் நிலாவாரையை, மருந்துச் சத்து எவ்வளவு, பூச்சிமருந்து தங்கியிருக்கிறதா என்று சோதித்துப் பார்த்துத்தான் அயல்நாட்டு வியாபாரி வாங்குகிறார். அது விளைகிற ஊர்க்காரர்களுக்கு மட்டும் பெயரில்லாப் பொட்டலமா?

மருந்து ஆய்வாளர்களும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் கடைகளிலிருந்தும் கூரியரில் வருவதிலிருந்தும் மாதிரி எடுத்து, எந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று ஊரறியச் சொல்ல வேண்டும். அதுவரை, பொடியை விழுங்குமுன் யாரிடமாவது காட்ட நினைப்பவர்களுக்குப் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பஸ் ஏறினால் போய்விடும் தூரந்தான்.