மரம் என்னும் பாவனை

சென்னையின் புதிய அடுக்ககங்களுக்கு நண்பர்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரு சடங்கு நடக்கிறது. செருப்பைக் கழற்றியதும், "மரத்தளம் போட்டிருக்கிறோம், கவனித்தீர்களா?" என்கிறார்கள். நாமும் குனிந்து பார்த்துத் தலையாட்டுகிறோம். அந்தத் தலையாட்டல் பொய் என்று ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

காலுக்கடியில் இருப்பது மரமல்ல, மரத்தின் புகைப்படம். மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை. அதன்மேல் தேக்கின் வரிகளை அச்சிட்ட தாள். தாள் தேயாமலிருக்க மெலமின் பிசினும் அலுமினியம் ஆக்சைடும் சேர்ந்த மேலடுக்கு. இந்த லாமினேட் உத்தி 1977இல் சுவீடனில் பிறந்தது. உற்றுப் பார்த்தால் ஜன்னலோரப் பலகையில் உள்ள அதே கணு சோபாவுக்கடியிலும் இருக்கும். இயற்கை ஒருபோதும் செய்யாத பிழை அது.

ஜான் ரஸ்கின் 1849இல் வெளியிட்ட 'கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்' நூலில் ஒரு விளக்கு வாய்மைக்கானது. ஒரு பொருளை வேறொன்றாகக் காட்ட மேற்பரப்பில் வண்ணம் தீட்டுவதை வஞ்சனைகளில் ஒன்றாக அவர் வைக்கிறார். தங்க முலாமை மட்டும் மன்னிக்கிறார். கட்டடத்தில் அதைக் கட்டித் தங்கம் என்று எவரும் நம்புவதில்லை. நம் அளவுகோலும் அதுதான். மலிவு குற்றமல்ல, மலிவு தன்னை ஒளித்துக்கொள்வதே குற்றம். ரெட் ஆக்சைடு தேய்த்த சிமெண்டுத் தரையும் மலிவானதுதான். அது எதுவாகவும் நடித்ததில்லை. ஆத்தங்குடிக் கல்லும் தன்னைப் பளிங்கு என்று சொல்லிக்கொண்டதில்லை.

"அப்படியானால் காட்டை வெட்டச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. தேக்குக் காடுகள் அழிந்து, பர்மாவே 2014இல் வெட்டுமர ஏற்றுமதியைத் தடைசெய்ய நேர்ந்ததை நாம் அறிவோம். ஆனால் ஏற்கெனவே வெட்டப்பட்ட மரத்தை என்ன செய்தோம்? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் நிலைகளும் கதவுகளும் பழம்பொருள் கடைகளில் சாய்ந்து நிற்கின்றன. கப்பலில் வந்திறங்கிய பர்மாத் தேக்கு. தலைமுறைகள் கடந்தும் வைரம் குலையாதது. விடுதிகளின் வரவேற்பறைக்கு அலங்காரமாகப் போகிறது. மெய்யான மரத்தை விற்றுவிட்டு அதன் படத்தை வாங்கி ஒட்டிக்கொள்கிறோம். இதைவிட அபத்தம் என்ன இருக்கிறது?

மெய்த்தேக்கு வாங்குபவர்களும் தப்பவில்லை. அதன்மேல் பாலியூரித்தேனைக் கனமாக ஏற்றிக் கண்ணாடிபோல் மின்னச் செய்கிறார்கள். கை தொடுவது மரத்தையல்ல, பிளாஸ்டிக்கை. கீறல் ஆழமாக விழுந்தால் பரப்பு முழுவதையும் தேய்த்தெடுத்து மறுபடி பூச வேண்டும். ஆசாரிமார் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தால் ஏற்றிய பாலிஷிலும் நீர்க்கறை படும். அதே துணிப்பந்து அதைச் சரிசெய்துவிடும். தரைக்கு அரக்கு தாங்காது என்பது உண்மை. எண்ணெய்ப் பூச்சு தாங்கும். ஆனால் அவ்வப்போது குனிந்து பூச வேண்டும். பராமரிப்பு என்பதையே அவமானமாகக் கருதும் ரசனைக்கு அது ஒவ்வாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் நண்பர் ஒருவரின் தரைத்தள வீட்டில் தண்ணீர் புகுந்தது. வடிந்தபின் லாமினேட் பலகைகள் ஓரங்களில் உப்பிப் பிளந்து கிடந்தன. தேய்த்துச் சீராக்க வழியில்லை. தேய்த்தால் படம் போய்விடும். அத்தனையும் குப்பை வண்டியில் ஏறின. அதே கூடத்தில் கிடந்த அவருடைய பாட்டி காலத்து ஊஞ்சல் பலகையைக் கழுவி நிழலில் உலர்த்தினார்கள். இன்றும் அதில்தான் உட்கார்ந்து பேசுகிறோம். தச்சர் ஒருவர் இழைப்புளியால் இருமுறை இழைத்துக் கொடுத்ததோடு சரி.

ஆகவே நண்பர்களுக்கு ஒன்று சொல்வோம். மரத்தின் மீது ஆசை இருந்தால் ஒரு பழைய கதவை வாங்கி மேசையாக்குங்கள். தச்சருக்கும் வேலை கிடைக்கும். தரை சிமெண்டாகவே இருக்கட்டும். அடுத்தமுறை நாம் வரும்போது தலையாட்ட மாட்டோம்.