சேமித்தால் பறிபோகும் உரிமை

மாதம் 300 ரூபாய்; நாளொன்றுக்குப் பத்து ரூபாய். இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் 18 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு ஒன்றிய அரசு வழங்கும் பங்கு இவ்வளவே. 2009ஆம் ஆண்டில் 200 ரூபாயாகத் தொடங்கிய இத்தொகை 2012 அக்டோபரில் 300 ரூபாயாக உயர்ந்தது. அதன்பின் அரிசியின் விலையும் மருந்தின் விலையும் ஏறின. ஓய்வூதியம் மட்டும் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

இச்சிறு தொகையைப் பெறுவதற்கும் இரண்டு வாயில்களைக் கடந்தாக வேண்டும். முதலாவது, 80 சதவிகித ஊனம். கல்வியிலும் வேலையிலும் இடஒதுக்கீடு பெற 40 சதவிகிதமே போதும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். ஓய்வூதியத்திற்கோ அளவுகோல் இருமடங்கு. இரண்டாவது, விண்ணப்பதாரர் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும்.

அந்தக் கோடு எவ்வாறு வரையப்பட்டது? ஊரகப் பகுதிகளில் 2002ஆம் ஆண்டு நடத்தப்பட்ட கணக்கெடுப்பு, 13 கேள்விகளுக்கு மதிப்பெண் இட்டது. வீட்டில் மின்விசிறி உண்டா, வானொலி உண்டா, தொலைக்காட்சி உண்டா, பிரஷர் குக்கர் உண்டா என்பதும் அவற்றுள் ஒன்று. மதிப்பெண் கூடினால் அக்குடும்பம் ஏழை அன்று. படுக்கையை விட்டு எழ இயலாத ஒருவருக்கு மின்விசிறி ஆடம்பரம் அன்று என்பதை அந்தக் கணக்கு அறியவில்லை.

பொருளும் வருமானமும் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் உதவி நிற்கும் என்ற இந்த ஏற்பாடு, மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றும். நடைமுறையில் அது சேமிப்பைத் தண்டிக்கிறது. போர்ட் பிளேயரின் மரைன் ஹில் போன்ற மேட்டுப் பகுதியில் குடியிருக்கும், நடக்க இயலாத ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். அலுவலகம் சென்றுவர அவருக்கு ஆட்டோ வேண்டும். உடன்வர ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் அன்றைய கூலியை இழக்க வேண்டும். மின்கலத்தில் இயங்கும் சக்கர நாற்காலி வாங்கினால் இச்செலவு குறையும். அதை வாங்கச் சேமிக்க வேண்டும். தையல் வேலையோ சிறு கடையோ நடத்திச் சற்றே கூடுதலாக ஈட்ட வேண்டும். ஆனால், கையில் காசு சேர்ந்தால் ஏழை என்ற சான்று போய்விடும் என்ற அச்சம் அவரைத் தடுக்கிறது. தகப்பனின் ஊதியமோ கணவனின் ஊதியமோ வரம்பைத் தாண்டினாலும் உதவி இல்லை. வயது வந்த ஒரு குடிமகளின் உரிமை பிறர் வருமானத்தில் தொங்குகிறது.

இது நம் நாட்டின் நோய் மட்டுமன்று. உலகின் பெரும் பணக்கார நாடான அமெரிக்காவில், ஏழை மாற்றுத்திறனாளிகளுக்கான துணை வருமானத் திட்டத்தில் தனி நபர் ஒருவர் வைத்திருக்கத்தக்க சேமிப்பின் உச்சவரம்பு 2,000 டாலர். 1989ஆம் ஆண்டிலிருந்து அது மாறவில்லை. தம்பதியருக்கு 3,000 டாலர். அதாவது, திருமணம் செய்துகொண்டால் ஆளுக்கு 500 டாலர் குறைவு. ஏழைக்கு உதவுவதாகச் சொல்லிக்கொண்டே அவரை ஏழையாகவே வைத்திருப்பது முதலாளித்துவ அரசின் பழைய வழக்கம்.

வரம்புக்கு அடுத்து வருவது மறு ஆய்வு. ஆந்திரப் பிரதேசத்தில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2024இல் 6,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால், அடுத்த ஆண்டே அங்கு மறு மருத்துவப் பரிசோதனை தொடங்கியது. ஏற்கெனவே சான்று பெற்றிருந்த பலருக்கு, தகுதி இல்லை என்று அறிவிப்பு அனுப்பப்பட்டது. கடும் எதிர்ப்பு எழுந்த பின்னரே மேல்முறையீட்டுக்கு வழி திறந்தது. முறைகேடு செய்வோரைக் கண்டறிய வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. ஆனால், தவறான சான்றை வழங்கிய அமைப்பை விட்டுவிட்டு, சான்றைப் பெற்றவர் அனைவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது ஆய்வு ஆகாது.

அந்தமான் நிக்கோபார் போன்ற தீவுக் கூட்டத்தில் இத்தகைய ஆய்வுகளின் பொருளே வேறு. பெரிய அரசு மருத்துவமனை போர்ட் பிளேயரில் இருக்கிறது. கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயிலிருந்து அங்கு வர 500 கிலோமீட்டருக்கு மேல் கடல் கடக்க வேண்டும். கப்பல் கிடைக்க வேண்டும். கடல் அமைதியாக இருக்க வேண்டும். குறித்த நாளில் வரவில்லை என்ற ஒரே காரணத்தால் உதவி நிற்குமானால், அங்கே அளக்கப்படுவது ஊனம் அன்று, தொலைவு. இத்தீவுகளுக்குச் சட்டமன்றமும் இல்லை. வரம்பு எவ்வளவு, ஆய்வு எவ்விதம் என்று கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை இல்லாத நிலையில், நிர்வாகத்தின் சுற்றறிக்கையே சட்டமாகிறது.

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? ஊனமுற்ற நிலையில் அரசின் உதவி பெறும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 41ஆவது பிரிவு வழிகாட்டும் நெறியாக வைத்துள்ளது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, பிறருக்கான இதேபோன்ற திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி 25 சதவிகிதமேனும் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. அதே பிரிவு, ஓய்வூதியத்திற்கு வருமான வரம்பு விதிக்கவும் இடமளிக்கிறது. முன்னதை ஒன்றிய அரசு மறந்துவிட்டது. பின்னதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது.

நிதி இல்லை என்ற வாதம் நிற்காது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இத்திட்டத்திற்கு ஒதுக்கப்பட்டது 290 கோடி ரூபாய். மாதம் 300 ரூபாய் வீதம் கணக்கிட்டால் அது சுமார் எட்டு லட்சம் பேருக்கே போதும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி. 2019இல் கார்ப்பரேட் வரியைக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அரசே மதிப்பிட்டது. அந்தச் சலுகையைப் பெற்ற எந்த நிறுவனத்தின் வீட்டிலும் மின்விசிறி உண்டா என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மாநிலங்கள் தம் சொந்த நிதியில் சுமையைத் தாங்குகின்றன. தமிழ்நாட்டில் 2023 ஜனவரி முதல் ஓய்வூதியம் 1,500 ரூபாய். கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை 2,000 ரூபாயாக உயர்த்தியது. எனினும், கேரளத்திலும் குடும்ப வருமான வரம்பு நீடித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒன்றிய அரசு தன் பங்கை உயர்த்தாதவரை எந்த மாநிலமும் இதைத் தனித்து முழுமையாகத் தீர்க்க இயலாது.

ஆகவே, கோரிக்கைகள் தெளிவானவை. ஒன்றிய அரசின் பங்கு உயர்த்தப்பட்டு விலைவாசியோடு இணைக்கப்பட வேண்டும். 80 சதவிகித நிபந்தனை 40 சதவிகிதமாகக் குறைக்கப்பட வேண்டும். குடும்ப வருமானமும் சிறு சேமிப்பும் தகுதிக்கு அளவுகோல் ஆகக் கூடாது. மாறாத ஊனத்திற்கு மறு பரிசோதனை கூடாது. தேவைப்படும் ஆய்வை அதிகாரிகள் பயனாளியின் ஊருக்கே சென்று நடத்த வேண்டும். மேல்முறையீடு முடியும்வரை உதவி நிறுத்தப்படக் கூடாது.

தமிழ்நாட்டில் ஆந்திரத்துக்கு இணையான ஓய்வூதியம் கோரி மாற்றுத்திறனாளிகள் தெருவில் இறங்கிப் போராடி வருகின்றனர். அவர்கள் கேட்பது இரக்கம் அன்று. கட்சிக் கிளைகளும் தொழிற்சங்கங்களும் இக்கோரிக்கைகளைத் தம்முடையவையாக ஏற்க வேண்டும். தம் பகுதியில் சான்று மறுக்கப்பட்டோர், உதவி நிறுத்தப்பட்டோர் யார் யார் எனக் கணக்கெடுப்பதே அப்பணியின் முதற்படி.