உதாருக்கும் ஒரு எல்லை வேண்டும்

போக்கரில் கடைசிச் சீட்டு திறந்த பிறகு, கையில் ஒன்றுமே இல்லாமல் பெரிய பந்தயம் கட்டுகிறவனை நம் பசங்க தைரியசாலி என்கிறார்கள். சில பேர் அவனைப் பொய்யன் என்கிறார்கள். ரெண்டுமே தப்பு. அவன் கணக்குப் போடுகிறவன். கணக்கு இல்லையென்றால் அவன் போக்கரே ஆடவில்லை. சட்டைப்பையைக் காட்டி மிரட்டுகிறான், அவ்வளவுதான்.

கணக்கு சின்னதுதான். நடுவில் 1,000 ரூபாய் கிடக்கிறது. நான் 2,000 கட்டுகிறேன். என் உதார் மூன்றில் இரண்டு தடவையாவது பலிக்க வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு நட்டம். எதிராளி 2,000 போட்டு 3,000 ரூபாயைப் பிடிக்கப் பார்க்கிறான். அவனுக்கு ஐந்தில் இரண்டு தடவை ஜெயித்தால் போதும். ஆகவே நான் இப்படிக் கட்டும் ஐந்து பந்தயங்களில் இரண்டு உதாராக இருக்கலாம். 1,000 மட்டும் கட்டினால் மூன்றில் ஒன்றுதான். அதாவது பந்தயம் பெருக்கப் பெருக்க, உதாருக்கான இடமும் கூடுகிறது. "இவ்ளோ போடுறான்னா கையில இருக்கும்டா" என்று பதறிச் சீட்டைக் கவிழ்க்கிறவன் கணக்கைத் தலைகீழாகப் படிக்கிறான்.

முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்வதெல்லாம் சினிமா. நல்ல உதார் என்பது முதல் சுற்றிலிருந்து சொல்லிவந்த கதைக்குப் பொருந்துகிற முடிவு. தரையில் மூன்று இஸ்பேட் கிடக்கிறது, என்னிடம் இஸ்பேட் ஏஸ் மட்டும் தனியாக இருக்கிறது என்றால், ஏஸ் வைத்த ஃப்ளஷ் எதிராளியிடம் இருக்கவே முடியாது. அங்கே உதார் விடலாம். நடுத்தரமான ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு அதே பந்தயத்தைக் கட்டினால் மட்டமான கை ஓடிவிடும், நல்ல கை மட்டும் நின்று வசூலிக்கும். இதையெல்லாம் திறமை என்று சொன்னால் எனக்குச் சண்டையில்லை.

ஆனால் இந்தத் திறமை முழுக்க ஒரு விதியின் மேல் நிற்கிறது. ஆட்டம் தொடங்கும்போது மேஜை மேல் இருந்த காசை மட்டும்தான் ஒருத்தன் இழக்க முடியும். எதிராளி அதற்கு மேல் கட்டினாலும், இருப்பதை மொத்தமாக வைத்துவிட்டுச் சீட்டு திறக்கும்வரை உட்கார்ந்திருக்க அவனுக்கு உரிமை உண்டு. நம்மூர் மூணு சீட்டில் பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. கட்ட முடியலையா, பேக். அதனால்தான் அங்கே காசுள்ளவன் உதார் மட்டும் எடுபடுகிறது.

இப்போது ஏற்காட்டுக்கு வாங்க. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வார இறுதிக்கு ஒரு காட்டேஜ் பிடித்து, பனி இறங்கியதும் சீட்டுக்கட்டைப் பிரிக்கிற ஒரு கோஷ்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தன் வீட்டுக்குச் சேர்வராயன் மலையிலேயே காப்பித் தோட்டம் இருக்கிறது. இன்னொருத்தனுக்கு மாசம் 20,000 சம்பளம். ஆளுக்கு 3,000 என்று பேசி உட்கார்கிறார்கள். கடைசிச் சுற்றில் தோட்டத்துப் பையன் ஃபோனை எடுக்கிறான். "மச்சி, இன்னொரு பத்தாயிரம் ஜீபேல போடுறேன். வர்றியா?" சுற்றி இருப்பவர்கள் விசிலடிக்கிறார்கள். மற்றவன் கவிழ்க்கிறான். அவன் பயந்தது எதிராளியின் சீட்டுக்கு அல்ல, ஒண்ணாம் தேதி கொடுக்கவேண்டிய வாடகைக்கு. இதில் எங்கே இருக்கிறது திறமை?

"போக்கர் திறமை விளையாட்டுன்னு கோர்ட்டே சொல்லிடுச்சே" என்பார்கள். சொன்னது உண்மை. 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டு என்றது. ஆனால் தீர்ப்பு போக்கரைப் பற்றியது, நீங்கள் ஆடுவது மூணு சீட்டு. திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அத்தனைக்கும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடைச் சட்டம் இயற்றியது. ஆப் போனது நல்லது, நேருக்கு நேர் ஆடுவதுதான் சுத்தமான ஆட்டம் என்கிறவர்களும் உண்டு. ஆப்புகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அவை கமிஷன் எடுத்தே ஆளை உறிஞ்சின. ஆனால் ஆட்டத்தின் நடுவில் புதுக் காசை இறக்க அவைகூட விட்டதில்லை. காட்டேஜில் அதை நட்பின் பெயரால் செய்கிறோம்.

தருமனுக்கு ஆடத் தெரியாது என்பது கதையில் பாதிதான். நாடு, தம்பிகள், தான், திரௌபதி என்று பலகைக்கு வெளியே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தானே, அது மறுபாதி. எதிரே உருட்டியவன் சகுனி, பணையம் வைத்தவன் துரியோதனன். தன் காசு போகாது என்று தெரிந்தவன் எவ்வளவு வேண்டுமானாலும் உருட்டலாம். அப்பாவின் தோட்டத்தை நம்பி ஜீபேயைத் திறக்கிறவனும் அந்த வரிசைதான்.

ஆடித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு காரியம் செய்யுங்கள். சீட்டைக் கலைக்கும் முன் எல்லா ஃபோனையும் பக்கத்து அறையில் வைத்துப் பூட்டுங்கள். மேஜையில் இருப்பது மட்டும்தான் காசு. அதற்கப்புறமும் ஒருத்தன் கையில் ஒன்றுமில்லாமல் ரெண்டு மடங்கு கட்டி உங்களைத் துரத்தினால், விசிலடிங்க. அதுதான் உதார்.