தீயணைப்பு வண்டியோடு ஒரு துயர்த்துணைவரும் வர வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

ஒரகடம், வல்லம் வடகால், திருப்பெரும்புதூர் தொழிற்பகுதிகளில் தீ விபத்தோ கட்டட இடிபாடோ நேர்ந்தால், இறந்தவரின் குடும்பத்தோடும் மீட்புப் பணி செய்த வீரர்களோடும் நிற்பதற்கென்றே பயிற்சி பெற்ற துயர்த்துணைவர் ஒருவர் அங்கே வர வேண்டும். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் ஏற்பாடாக அது இருக்க வேண்டும். அவர் எந்த மதத்தின் சார்பாகவும் வரக் கூடாது. வல்லக்கோட்டையிலும் சுற்றுக் கிராமங்களிலும் வாழ்வோரும் ஆலைத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்தும் எங்கள் நலக்குழுவின் நிலைப்பாடு இது.

2022 செப்டம்பரில் ஒரகடத்தை அடுத்த தேவரியம்பாக்கத்தில் சமையல் எரிவாயு உருளைக் கிடங்கு தீப்பற்றியது. காயம்பட்டவர்களில் சிலர் அதற்குப் பிந்தைய நாட்களில் மருத்துவமனையில் இறந்தார்கள். தீக்காயத்தின் கொடுமை அப்படிப்பட்டது. உடம்பின் பெரும்பகுதி வெந்தவர்கூட முதல் நாள் தெளிவாகப் பேசுவார், தண்ணீர் கேட்பார், பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று விசாரிப்பார். பேசுகிறாரே, பிழைத்துவிடுவார் என்று வீட்டார் நம்புவார்கள். உடல்நீர் வற்றி, கிருமி தொற்றி, சிறுநீரகம் கைவிட்டு நிலைமை மோசமாவது அதற்குப் பிறகுதான். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் உள்ளே ஓயாத வேலை. வெளியே காத்திருக்கும் மனைவிக்கு நடப்பதைப் புரியும்படி சொல்லவும், சொல்லிவிட்டு எழுந்து போகாமல் பக்கத்தில் உட்காரவும் ஒருவர் வேண்டும். இறந்தபின் பிணக்கூறாய்வு, காவல்நிலையச் சான்று, அமரர் ஊர்தி என்று அலைய வேண்டியிருக்கும். அப்போதும் அவரே கூட வர வேண்டும்.

இந்த வட்டாரத்தில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். காஞ்சிபுரம் மாவட்டம் மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்கள் அவர்களில் பலர். இன்றைக்கு நம் பக்கத்திலேயே, வல்லம் வடகாலில், பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி இயங்குகிறது. 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அங்கே தங்கியிருக்கும் ஒரு பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்தால், அவள் அம்மாவுக்கு அதை யார் சொல்வது? வாட்ஸ்அப்பில் வரும் படம் சொல்லிவிடக் கூடாது. முன்பு ஆள் போய்த்தான் இழவு சொன்னார்கள். அந்த வேலையை ஒரே சாதியின் தலையில் கட்டியது அநியாயம், அது ஒழிய வேண்டியதே. ஆனால் நேரில் போய்ச் சொல்லும் கடமையையும் சேர்த்துத் தொலைத்துவிட்டோம். அந்தக் குடும்பத்தின் ஊரில் உள்ள ஒருவர் வழியாக, அவர்கள் மொழியில் செய்தி போய்ச் சேர வேண்டும். இந்தியோ ஒடியாவோ வங்காளமோ பேசத் தெரிந்தவர்கள் துணைவர்களில் இல்லாமல் இது நடக்காது.

தீயணைப்பு வீரர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 2020 தீபாவளியன்று மதுரையில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன வீரர்கள் இருவர், கட்டடம் இடிந்து விழுந்து இறந்தார்கள். உடனிருந்தவர்களுக்கு மறுநாளும் பணி, அடுத்த அழைப்பும் வந்திருக்கும். கருகிய குழந்தையைத் தூக்கிய கை வீட்டில் தன் குழந்தையைத் தூக்கத் தயங்கும். அதை மேலதிகாரியிடம் சொன்னால் கோழை என்று பெயர் வருமோ என்ற பயம் வேறு. தமிழ்நாடு காவல் துறையில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் துணையோடு 2018இல் காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி தொடங்கினார்கள். தீயணைப்பு வீரர்களுக்கும் அது உரியது. ஒன்றில் மட்டும் கவனம் தேவை. விபத்து முடிந்த கையோடு எல்லாரையும் உட்கார வைத்து, பார்த்ததையெல்லாம் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது நல்லதல்ல, உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. பேச விரும்புகிறவர் பேசும்போது கேட்க ஆள் இருந்தால் போதும். தூக்கமின்மை நீடித்தால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் ஒவ்வொரு நிலையத்திலும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்தப் பணியைப் பெரும்பாலும் மதகுருக்கள் செய்கிறார்கள். நியூயார்க் தீயணைப்புத் துறையின் பாதிரியார் மைக்கேல் ஜட்ஜ், 2001 செப்டம்பர் 11 பயங்கரவாதத் தாக்குதலின்போது வீரர்களோடு போய் உயிர் விட்டார். அன்றைய சாவுப் பட்டியலில் முதல் எண் அவருடையது. நம் ராணுவத்திலும் பண்டிதர், மௌல்வி, கிரந்தி, பாதிரியார் எனச் சமய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்தத் தொண்டை மதிக்கிறோம். ஆனால் பல மதத்தவரும் மதமே வேண்டாதவரும் அடுத்தடுத்த இயந்திரங்களில் நிற்கும் இந்த இடத்தில், துக்கத்தில் இருப்பவரிடம் அழைக்காத ஒருவர் ஜெபமோ விதி விளக்கமோ சொல்வது காயத்தைக் கிளறும். முருகன் கோயில் குருக்களோ இமாமோ போதகரோ வேண்டும் என்று குடும்பம் கேட்டால், துணைவர் உடனே அழைத்து வரட்டும். கேட்காமல் யாரும் வர வேண்டாம்.

ஓய்வுபெற்ற செவிலியர்கள், நிலைய அலுவலர்கள், ஆசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள் ஆகியோரிலிருந்து துணைவர்களைத் தேர்ந்தெடுக்கலாம். அவர்கள் படம் எடுக்கக் கூடாது, ஊடகத்திடம் பேசக் கூடாது, இழப்பீட்டுப் பேரத்தில் தலையிடவே கூடாது. இந்தக் காரணத்தால்தான் ஆலைகளின் மனிதவள அலுவலர்களிடம் இப்பணியைக் கொடுப்பதை எதிர்க்கிறோம். தோளில் கை வைத்த அதே ஆள் மறுநாள் கையெழுத்துக் கேட்டு வந்தால் அந்தக் குடும்பம் யாரை நம்பும்?

1989ஆம் ஆண்டின் அபாயகரமான இரசாயனங்கள் தொடர்பான விதிகள், பெரும் விபத்து அபாயமுள்ள ஆலைகள் உள்வளாக அவசரத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. ஆலைக்கு வெளியேயான அவசரத் திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. துணைவர்களின் பெயர், பேசும் மொழி, தொலைபேசி எண் ஆகியவை அந்த இரண்டு திட்டங்களிலும் இடம்பெற வேண்டும், ஒத்திகைகளிலும் அவர்கள் அழைக்கப்பட வேண்டும். பயிற்சிச் செலவை ஆலைகள் ஏற்கட்டும். பணம் மட்டும் மாவட்ட நிர்வாகத்தின் வழியாக வரட்டும். முதல் அணிக்கு ஆட்களைத் திரட்டித் தரும் பொறுப்பை எங்கள் நலக்குழு ஏற்கிறது.